பாதியில் திரும்பிய கிரிவலம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். "பாப்பாவக் கராத்தே கிளாஸ்ல சேக்கலாமாப்பா? ஸ்கூல் வேன்ல ஒரு பையன் தெனமும் அவ ஜடையப் புடிச்சு இழுக்கறானாம். நேத்து தள்ளி வுட்டுருக்கான், முட்டியெல்லாம் சிராய்ப்பு. உன்ன ஒரு வார்த்த கேக்காம சேக்க மனசு வரல" என்றாய். நான் "ஹலோ, ஹலோ, டவர் சரியில்லடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. நம் வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் நின்றுதான் பேசினேன். அங்கே டவர் கிடைக்காமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. உன் கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வாய் வரவில்லை.

அதனால் எழுதுகிறேன். நேரில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், உங்கம்மா நடுவில் வந்து சாப்பிடக் கூப்பிடுவாள், விஷயம் சோற்றோடு சோறாக உள்ளே போய்விடும். நம் வீட்டில் எத்தனையோ பேச்சு அப்படித்தான் முடிந்திருக்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டி மறைத்து அனுப்பப் போவதில்லை. உங்கம்மா படிக்கட்டும், உன் மனைவி படிக்கட்டும், பாப்பா பெரியவளானதும் அவளும் படிக்கட்டும். உனக்குத் தெரிந்ததையே இதில் பாதிக்கு மேல் எழுதப் போகிறேன். மற்றவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு நான் வேறு கதை சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா, அதனால்தான்.

முதலில் உனக்குப் பாதி மட்டும் தெரிந்த ஒன்று. உங்கம்மாவைக் கட்டிக்கொண்ட புதிதில் வேலூரில் அவள் அக்கா வீட்டு விருந்துக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் கும்பலான கும்பல். பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு சீட் பிடித்தேன். துண்டு போட்டவனுக்குச் சீட் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். கூட்டத்தில் நசுங்கி ஏறிப் போய்ப் பார்த்தால் துண்டு கீழே மிதிபட்டுக் கிடக்கிறது, சீட்டில் ஒரு தடியன் உட்கார்ந்திருக்கிறான். "துண்டு போட்ட சீட்டுங்க" என்றேன். எழுந்தான், ஓர் அறை விட்டான், மறுபடி உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸே பார்த்தது. நான் கையைத் தூக்கவில்லை. பொறுமையால் அல்ல, பயத்தால். உங்கம்மாதான் துண்டை எடுத்து உதறி என் தோளில் போட்டு, கையைப் பிடித்துக் கீழே இறக்கி, அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். ஆரணி தாண்டியது. அப்புறம், "நல்லவேள, நீங்க கை ஓங்கல. அவன் இடுப்புல கத்தி சொருகியிருந்தான், பாத்தீங்களா? துஷ்டனக் கண்டா தூர விலகுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். அவள் என்னை மெச்சித்தான் சொன்னாள். என் காதில் அது இரண்டாவது அறையாக விழுந்தது.

அதைப் பற்றி நான் அவளிடம் மறுபடி பேசியதே இல்லை. ஆனால் நீ பிறந்து, ஆண் குழந்தை என்று நர்ஸ் வந்து சொன்னபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த பஸ்தான். என் பிள்ளை இப்படி ஓர் அறையை வாங்கிக்கொண்டு இறங்கி வரக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடிவு செய்துவிட்டேன். இன்னும் கண் திறக்காத பிள்ளையின் தலையில் என் அவமானத்தைத் தூக்கி வைத்த தகப்பன் நான். உங்கம்மா உனக்கு "துஷ்டனைக் கண்டால் தூர விலகு" என்று சொல்லிக் கொடுத்தாள். நான் "வலியப் போகாதே, வந்த சண்டையை விடாதே" என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பழமொழியில் முதல் பாதியை நான் வாய்க்குள் சொல்வேன், இரண்டாவது பாதியைத்தான் உரக்கச் சொல்வேன்.

உன்னைக் கராத்தேயில் சேர்த்தது அப்படித்தான். தேரடித் தெருப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாஷா மாஸ்டர் சாயங்காலங்களில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் கழித்து, "என்னடா கத்துக்கினே, காட்டு" என்றேன். "நீ கெட்டவன் மாதிரி வாப்பா" என்றாய். நான் லுங்கியை மடித்துக் கட்டி, மீசையை முறுக்கி, கையை ஓங்கிக்கொண்டு வந்தேன். நீ ஒரு கூச்சல் போட்டாய், என் கைக்கு அடியில் புகுந்தாய், வாசலைத் தாண்டித் தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும் ஓடிவிட்டாய். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "இதாம்பா மொதல் பாடம். ஆளுங்க இருக்கற எடத்துக்கு ஓடணும்" என்றாய். உங்கம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உன் காதைத் திருகி அப்படியே மாஸ்டர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஓடறதுக்கா பாய் இவன அனுப்பறேன்? ஓடறது எங்க வம்சத்துக்கே நல்லா வரும்" என்றேன். அவர் ஒரு பிரேக் ஷூவைத் துடைத்துக்கொண்டே, "அடிக்கறது அடுத்த வருஷம் வரும்ணே, ஜாஸ்தி அவசரப்படாதீங்க" என்றார்.

அடிப்பதும் வந்தது. உனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் உன்னிடம் அந்த முதல் பாடம்தான் தங்கியது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஒருநாள் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்தாய். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. "திருப்பி அடிச்சியா?" என்றுதான் கேட்டேன். நீ இல்லை என்று தலையாட்டியதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். காலேஜ் நாட்களில் ஒரு முறை, பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வம்பிழுத்தவர்களோடு வாய் கொடுக்காமல் முன்னாலேயே இறங்கி, வெயிலில் வேங்கிக்கால் வரை நடந்து வந்தாய். "பாத்துக்கோ, பிளாக் பெல்ட்டு நடந்து வர்றாரு" என்று நான் எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சொன்னேன். நீ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "அவங்க அஞ்சு பேருப்பா. அதுல ரெண்டு பேரு குடிச்சிருந்தாங்க. எறங்கறதுதான் சுலபமா இருந்துச்சு" என்றாய். குரலில் வெட்கமே இல்லை. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டவன் மாதிரி சொன்னாய். உன் வெட்கத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

இனி அந்த நாள். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீ போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினாய், ஓட்டத்தில் தேறினாய், கயிறு ஏறினாய், டாக்டர் பார்த்தாயிற்று. உன்மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் விசாரித்து எழுதி அனுப்புவது ஒன்றுதான் பாக்கி. ஆர்டர் வந்த மாதிரிதான் என்று நான் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. உனக்கு வேலை கிடைத்தால் அப்பனும் பிள்ளையுமாக வெறுங்காலோடு மலை சுற்றுவதாக வேண்டியிருந்தேன். ஆர்டர் கைக்கு வந்த பிறகு போகலாம் என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. பௌர்ணமியில் போனால் கூட்டத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும், நிம்மதியாக நடக்க முடியாது என்று ஒரு சாதாரண நாளைப் பார்த்ததும் நான்தான். ஐப்பசி. காலையெல்லாம் பெய்து மதியம் மழை விட்டிருந்தது. ரோட்டில் ஆளே இல்லை.

கிரிவலத்துக்கு நம் வீட்டில் மூன்று விதி. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்கள் நடக்கிற வழி. தொடங்கினால் பாதியில் திரும்பக் கூடாது. என் அப்பா எனக்குச் சொன்னது, நான் உனக்குச் சொன்னது. செங்கம் ரோட்டில் நம் கடையைத் தாண்டும்போது, வாடகை ஸ்கூட்டர்களை மழைக்கு மூடிய தார்ப்பாயை நீ சரிசெய்துவிட்டு வந்தாய். ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பி, நிருதி லிங்கத்தில் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, ஆதி அண்ணாமலை இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது நீ சட்டென்று நின்றாய். எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் அந்தப் புளியமரத்தடியைப் பார்த்தேன்.

"மூணு பேரு. குடிச்சிருக்காங்க. ஒருத்தன் கையில ஒடஞ்ச பாட்டிலு. வண்டிய வழியில குறுக்க போட்டுருக்கானுங்க. வாப்பா, திரும்பிடலாம்" என்றாய்.

"பாதியில திரும்பக் கூடாதுடா. சாமி காரியம்."

"அப்ப இங்கயே கொஞ்ச நேரம் நிக்கலாம். பின்னாடி டீக்கடை இருந்துச்சில்ல, ஒரு டீ குடிப்போம். யாராவது கும்பலா வருவாங்க, அவங்களோட சேந்து போயிடலாம்."

"மூணு குடிகாரப் பசங்களுக்குப் பயந்துகினு டீ குடிக்கணுமா? நாளைக்கு யூனிபார்ம் போட்டுகினு இன்னா பண்ணுவே? இத்தன வருஷம் கத்துக்கினது எதுக்கு?"

"இதுக்குத்தாம்பா" என்றாய். எனக்குப் புரியவில்லை. நான் நடக்க ஆரம்பித்தேன், நீ பின்னால் வந்தாய். தகப்பன் போகிறான் என்றால் பிள்ளை என்ன செய்வான்.

பல வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் இரண்டு பேரில் சண்டை கற்றவன் நீ. அவர்கள் எத்தனை பேர், கையில் என்ன, ரோட்டில் வேறு யார் என்று ஒரு பார்வையில் உனக்குத் தெரிந்தது. கற்றதனால்தான் தெரிந்தது, தெரிந்ததனால்தான் திரும்பச் சொன்னாய். ஒன்றும் கற்காதவன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அடிக்கக் கற்பதும் விலகக் கற்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று நான் ஆயுசுக்கும் நம்பினேன். உனக்கு அவை ஒரே பாடமாக இருந்திருக்கின்றன. அன்று என் பக்கத்தில் நடந்துவந்த பிள்ளையைக் கோழை என்று நினைத்தேனே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பைக் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. "சுத்தினு போ பெருசு, ரோடு அகலமாத்தான கெடக்குது" என்றான் அவர்களில் ஒருவன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. மலைப்பக்கம் நாலடி ஒதுங்கினால் தாண்டியிருக்கலாம். நீ ஏற்கெனவே ஒதுங்கி என் கையைப் பிடித்து இழுத்தாய். அது சித்தர்கள் வழியாம், நான் கால் வைக்க மாட்டேனாம். "நான் எதுக்குடா சுத்தணும்? வண்டிய எட்றா" என்றேன். அவன் எழுந்து வந்து என் தோளில் கிடந்த துண்டை உருவி ஈர ரோட்டில் எறிந்தான். அவ்வளவுதான் செய்தான். நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "அண்ணா, சாரிண்ணா, வுடுங்கண்ணா, நாங்க போயிடறோம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து துண்டை எடுத்தாய். பிளாக் பெல்ட் வாங்கிய என் பிள்ளை ஒரு குடிகாரனிடம் சாரி சொல்லித் துண்டு பொறுக்குகிறான். எனக்கு அந்த வேலூர் பஸ் கண்ணில் வந்து நின்றது. பஸ்ஸில் கொடுக்காத அறையை அந்தக் குடிகாரப் பையனுக்குக் கொடுத்தேன்.

தம்பி, முதலில் கை வைத்தது நான். இதை எழுதி முடித்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

அவன் பாட்டிலை என் முகத்துக்கு வீசினான். நீ குறுக்கே கையைக் கொடுத்தாய். உன் முன்கையில் அது இறங்கியது. அடுத்து நீ அடித்த அடி ஒன்றே ஒன்று. அவன் மல்லாக்க விழுந்தான், பின்மண்டை ரோட்டோரக் கல்லில் பட்டது. மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். ரத்தம் சொட்டுகிற கையோடு நீ அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அதே துண்டை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்து, "அண்ணா, கண்ணத் தொறங்கண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லவா? அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஸ்டேஷனில் "மொதல்ல யாரு கை வெச்சது?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "நான்தான் சார்" என்று நீ சொன்னாய். எனக்குச் சுகர், பிரஷர், உள்ளே வைத்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்தாயோ என்னவோ. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்லை, நான்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆர்டர் வந்த மாதிரிதானே, எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கேஸ் பதிவாயிற்று. வேலை போயிற்று. கேஸ் தள்ளுபடியாகி நீ அதிலிருந்து வெளியே வந்தபோது போலீஸ் வேலைக்கு உனக்கு வயது தாண்டியிருந்தது. கைக் காயம் ஆறிவிட்டது, கடைசி இரண்டு விரலும் இன்றைக்கும் முழுசாக மடங்கவில்லை. பாப்பாவுக்கு ஜடை பின்னும்போது அந்த விரல்கள் விலகி நிற்பதை வீடியோ காலில் பார்த்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்னும் மோசம். கடையில் ஸ்கூட்டர் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரர்களுக்குக்கூட எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல மூன்று பேர் ஐந்து பேரானார்கள், பாட்டில் அரிவாளானது. என் அறை கதையிலேயே இல்லை. "அப்பன காப்பாத்தின சிங்கம்" என்று முடிப்பேன். சிங்கம் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, கராத்தே உடுப்பை உங்கம்மா கரித்துணியாக்கிக்கொண்டாள்.

உங்கம்மா உன்னைத் திட்டியது உனக்கு மறந்திருக்காது. பொங்கலுக்கு வந்திருந்தாய். தட்டில் சாதம் போட்டுக்கொண்டே, "கைக்கு வந்த வேலைய இப்படித் தொலச்சியேடா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? உங்கப்பாவையும் ஒருத்தன் பஸ்ஸுல அறைஞ்சான். பேசாம எறங்கி வந்தாரு. அந்தப் பொறுமையில கால்வாசி உனக்கு இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். அந்த பஸ் கதை அன்றுதான் உனக்குத் தெரிந்தது. பார்த்தாய், மறுபடி குனிந்து சாப்பிட்டாய். "இருந்திருக்கணும்மா" என்றாய். நான் ரசம் கேட்டேன். அப்படியொரு நேரத்தில் ரசம் கேட்டேன் நான்.

விழுந்த பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிழைத்துக்கொண்டான், ஒரு காது மட்டும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறான். போன மாதம் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் வந்து, "இன்னாண்ணே வேணும்?" என்று நல்ல காதை என் பக்கம் திருப்பினான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அடையாளம் தெரிந்தது. எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். "உங்க பையன் எப்படி இருக்காரு? ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மூணு தடவ வந்து பாத்தாரு. எங்கம்மாவுக்கு ஹார்லிக்ஸ்லாம் வாங்கியாந்து குடுத்தாரு. அன்னிக்கு எங்க மேலதான் தப்பு ஜாஸ்தி, வுடுங்க" என்றான். நீ போனது எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். பரோட்டா வைத்தான், சாப்பிட்டேன்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்டேஷன் பகுதி வந்தபோது கை நின்றுவிட்டது. "எத்தினி தடவ அவனத் திட்டியிருக்கேன். பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தீங்களே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாயத் தொறந்தீங்களா?" என்றாள். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு எனக்கு டீ வரவில்லை. நானே போட்டுக் குடித்தேன். உன்னிடம் அவள் தனியாகப் பேசுவாள், அவள் அழுதால் நீ அழாதே.

இனி நான்கு நாளைக்கு முன்னால் நடந்தது. நீ போன் செய்த பிறகு மனசே சரியில்லை. விடிந்ததும் தனியாக மலை சுற்றக் கிளம்பினேன். அதே புளியமரம் வருகிற இடத்தில் ஒரு ஆள், சட்டை இல்லாமல், கையில் பெரிய தடியோடு ரோட்டின் நடுவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கத்திக்கொண்டிருந்தான். தடியைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தான். நான் நின்றேன். எனக்கு இப்போது மூச்சு வாங்குகிற வயது, ஆனாலும் கால் என்னவோ முன்னால்தான் போகப் பார்த்தது. சொன்னால் சிரிப்பாய், "என்னடா" என்று கேட்க வாய்கூடத் துறுதுறுத்தது. எத்தனை தூரத்தில் இருக்கிறான், கையில் என்ன, வேறு யார் இருக்கிறார்கள் என்று உன்னை மாதிரி பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், அந்த ரோட்டில் மலை என் இடக்கைப் பக்கம் வந்தது அதுதான் முதல் முறை. எதிரில் வந்த ஒரு அம்மா, "என்னங்க, எதிர்ல வர்றீங்க? பாதியில திரும்பலாமா?" என்றார். "முன்னாடி ஒரு ஆளு தடியோட நிக்கறான்மா. நீங்களும் வாங்க, டீ குடிக்கலாம்" என்றேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம் கோவிந்தா, அரோகரா என்று எல்லாச் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. அவர்களோடு நாங்களும் எழுந்து நடந்தோம். அந்த ஆள் தடியை வைத்துவிட்டு மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கிரிவலம் முழுசாக முடிந்தது. அண்ணாமலையார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டீ சூடாகத்தான் இருந்தது, ஆற்றி ஆற்றித்தான் குடித்தேன், ஆனாலும் ரொம்ப நேரம் ஆகிவிடவில்லை. உன் வேலை, உன் விரல், அந்தப் பையனின் காது எல்லாம் இவ்வளவு நேரத்தில் தப்பியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். அந்த அம்மா புகையென்று நினைத்து அடுப்பை நகர்த்தச் சொன்னார்.

பாப்பாவைச் சேர்த்துவிடு. நாளைக்கே சேர்த்துவிடு. வேனை விட்டு ஏழு வயதுக் குழந்தை எங்கே விலகிப் போகும்? கூச்சல் போடத் தெரிய வேண்டும், பிடித்த கையை உதறத் தெரிய வேண்டும், வேறு வழியே இல்லாதபோது அடிக்கவும் தெரிய வேண்டும். நீ அந்த வேன் டிரைவரையும் அந்தப் பையனின் அப்பாவையும் பார்த்துப் பேசு; குழந்தை தலையில் மட்டும் அதைக் கட்டிவிடாதே. முதல் நாள் அவள் வந்து, "ஓடக் கத்துக்கிட்டேன்பா" என்று சொன்னால் கைதட்டு. எவனாவது தள்ளிவிட்டு அழுதுகொண்டு வந்தால், திருப்பி அடித்தாயா என்று கேட்காதே. வலிக்கிறதா என்று கேள். அப்புறம் வேறு எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள். நான் உனக்குச் செய்யாததைத்தான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன் என்பது உனக்குத் தெரியும்.

லீவுக்கு அவளை இங்கே அனுப்பு. தாத்தாவும் பேத்தியும் மலை சுற்றுகிறோம். நடு வழியில் நின்று, "தாத்தா, எனக்கு என்னவோ மாதிரி இருக்குது, போயிடலாம்" என்று அவள் சொன்னால், கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவேன். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டேன்.

நீ வரும்போது நாம் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போய் ஆகப் போவது ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்துபோன விஷயம். ஆனால் அந்தப் புளியமரம் வரைக்கும் என்னோடு ஒரு தரம் வா. நிருதி லிங்கம் தாண்டியதும், நீ அன்று நின்ற இடத்தில் நில். அன்று சொன்னதை இன்னொரு தரம் சொல். உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

"சரி வாடா, திரும்பிடலாம்."

அப்பா